ஜப்பான் 'அரக்கு' கம்மல் என்றால் என்ன? அம்பாசமுத்திரம் சொப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? முழு விளக்கம்

ஆடித்தபசு சமயத்தில் சங்கரன்கோவில் சங்கரநாராயண சுவாமி கோயிலைச் சுற்றி ஒரு நடை போனால், இரண்டு வகைக் கடைகள் கண்ணில் படாமல் இருக்காது. ஒன்று வளையல் கடை. இன்னொன்று சொப்புச் சாமான் கடை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பளபளக்கும் மர அடுப்பு, மர ஆட்டுக்கல், மரக் குடம். பேரம் பேசி வாங்கி, பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவோம்.

அந்தப் பளபளப்பு எப்படி வந்தது என்று கேட்டால் பெரியவர்கள் ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: "அரக்கு."

இப்போ செல்போனுக்கு வாங்க. நகை, ஃபேஷன் வீடியோக்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு புதுப் பொருள் அடிக்கடி கண்ணில் படும். கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும் கம்மல். அதன் மேல் தங்கத் தூளில் ஒரு பூங்கிளை. "ஜப்பானிய லாக்கர்", "உருஷி நகை" என்று பெயர் போட்டிருக்கும். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். உள்ளே இருப்பது பல நேரங்களில் வெறும் மரம். மரத்தில் பெயின்ட் அடிச்சதுக்கா இவ்வளவு காசு? லாக்கர் என்றால் அரக்குதானே? அப்போ நம்ம அம்பாசமுத்திரம் சொப்பும் இதுவும் ஒண்ணுதானே?

நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உருஷி என்றால் என்ன?

உருஷி ஒரு மரம். அந்த மரத்தில் வடியும் பாலுக்கும் அதே பெயர்தான். ஜப்பான், சீனா, கொரியா பகுதிகளில் வளரும் இந்த மரத்தின் தாவரவியல் பெயர் டாக்சிகோடெண்ட்ரான் வெர்னிசிஃப்ளூம். நமக்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம்னே சொல்லலாம். மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் இருக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த மரம் இது.

ரப்பர் மரத்தில் பால் எடுப்பதுபோலவே, பட்டையில் கீறல் போட்டுத்தான் உருஷியும் எடுக்கிறார்கள். ஆனால் கிடைப்பது மிகக் கொஞ்சம். ஒரு மரத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்க்க வேண்டும். பிறகு ஒரு பருவம் முழுவதும், கோடையில் தொடங்கி இலையுதிர் காலம் வரை, சில நாட்களுக்கு ஒருமுறை கீறிக் கீறிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்தால் ஒரு மரத்துக்கு மொத்தம் 200 கிராம் அளவுக்குத்தான் தேறும். ஒரு டம்ளர் பால் அளவு. ஜப்பானில் பரவலாக உள்ள முறைப்படி, அந்தப் பருவம் முடிந்ததும் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அடிக்கட்டையில் இருந்து புதுத் துளிர் வந்து, அது மரமாகி, மறுபடியும் பத்து வருஷம்.

ஜப்பானுக்குள் எடுக்கப்படும் உருஷியில் பெரும்பங்கு இவாத்தே மாகாணத்தின் ஜோபோஜி பகுதியில் இருந்து வருகிறது. ஆனால் அந்த நாடு பயன்படுத்தும் உருஷியில் மிகப் பெரும்பகுதி சீனாவில் இருந்து இறக்குமதியாவதுதான்.

அப்போ நம்ம அரக்கு?

அது மரத்தில் இருந்து வருவதில்லை. பூச்சியில் இருந்து வருகிறது.

கெர்ரியா லாக்கா என்ற மிகச் சின்னப் பூச்சி ஆயிரக்கணக்கில் ஒரு கிளையில் அப்பிக்கொண்டு, சாற்றை உறிஞ்சி, தன் உடம்பைச் சுற்றி ஒரு பிசினைச் சுரக்கும். குசும், புரசு, இலந்தை போன்ற மரங்களில் இந்தப் பூச்சி வாழும். பிசின் அப்பிய குச்சியை அப்படியே ஒடித்து எடுத்தால் அதுதான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கொம்பரக்கு. அதைச் சுரண்டி, கழுவி, உருக்கினால் கடைசல் பட்டறைக்கும் வளையல் கடைக்கும் போகும் அரக்கு. உலகிலேயே அரக்கு அதிகம் விளையும் நாடு இந்தியா. அதில் முன்னணி மாநிலம் ஜார்க்கண்ட். ராஞ்சியில் அரக்குக்கு என்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1924-ல் தொடங்கப்பட்டது.

தமிழில் இந்தச் சொல் எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். பட்டுச் சேலையில் 'அரக்குக் கலர்' என்கிறோமே, அந்தக் கருஞ்சிவப்பு இந்தப் பூச்சி தரும் சாயத்தின் நிறம். பாரதக் கதையில் பாண்டவர்களை எரிக்கக் கட்டியது அரக்கு மாளிகை. தபாலில் வந்த பழைய காப்பீட்டு உறைகளின் முதுகில் இருந்தது அரக்கு முத்திரை. தாத்தா காலத்து இசைத்தட்டுகூட அரக்கில் செய்ததுதான். சொல்லின் வேர் வடமொழி 'லாக்ஷா'வோடு உறவுடையது என்பது அகராதிகள் தரும் விளக்கம். தமிழில் 'ர'வை வைத்துச் சொல் தொடங்கக் கூடாது என்பதால் முன்னால் ஒரு 'அ' வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே வேரில் இருந்துதான் ஆங்கிலத்தின் 'லாக்'கும், அதன் வழியே 'லாக்க'ரும் பிறந்தன. குழப்பமும் இங்கேதான் தொடங்கியது. ஐரோப்பிய வணிகர்கள் கிழக்கே வந்தபோது பளபளப்பான மேற்பூச்சு உள்ள எல்லாப் பொருளுக்கும் இந்தியப் பூச்சியின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஜப்பானிய உருஷி அவர்களுக்கு 'லாக்கர்'. சீனத்துப் பெட்டியும் 'லாக்கர்'. இன்றைக்கு இரும்புக் கடையில் ஸ்ப்ரே டப்பாவில் விற்கும் ரசாயனப் பூச்சும் 'லாக்கர்'.

ஒரே உருவத்தில் இருவர் நிற்கும் சாமியைக் கும்பிடும் ஊர் சங்கரன்கோவில். ஒரே பெயரில் வேறு வேறு பொருட்கள் நிற்பதைப் புரிந்துகொள்வது இந்த ஊர்க்காரர்களுக்குச் சிரமமாக இருக்காது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

• எங்கிருந்து வருகிறது: உருஷி மரத்தின் பால். அரக்கு பூச்சியின் பிசின்.

• எப்படி ஒட்டுகிறது: உருஷியைத் தூரிகையால் பூசிக் காய வைக்க வேண்டும். அரக்கைச் சூட்டில் இளக்கித் தேய்க்க வேண்டும்.

• சூடு பட்டால்: காய்ந்த உருஷி கொதிக்கும் சூப்பைத் தாங்கும். ஜப்பானில் சூப் கிண்ணமே இதில்தான். அரக்கு சூடு பட்டால் இளகிவிடும்.

• ஸ்பிரிட் பட்டால்: நன்றாக இறுகிய உருஷி அசையாது. அரக்கு கரையத் தொடங்கும்.

• எதற்குப் பயம்: உருஷிக்கு வெயில் ஆகாது. அரக்குக்குச் சூடும் சானிட்டைசரும் ஆகாது.

• எவ்வளவு நேரம்: அரக்குக் கடைசல் வேலை ஒரு பொருளுக்குச் சில நிமிடங்கள். உருஷி வேலை மாதக்கணக்கு.

கடைசி வரிதான் விலையின் ரகசியம்.

காய வைக்க ஈரம் வேண்டும்!

பெயின்ட் காய வேண்டும் என்றால் நாம் வெயிலில் வைப்போம். உருஷிக்குத் தலைகீழ். அது 'காய்வதற்கு' ஈரக்காற்று வேண்டும்.

காரணம் இதுதான். உருஷிப் பாலில் உருஷியால் என்ற எண்ணெய்ப் பொருளும் லாக்கேஸ் என்ற நொதியும் இருக்கின்றன. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அந்த நொதி வேலை செய்யும்போது உருஷியால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகிறது. 1883-ல் யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் உருஷியை ஆராய்ந்தபோது கண்டறிந்தது இது. நொதி நன்றாக வேலை செய்ய 20 முதல் 25 டிகிரி வெப்பமும், 70 முதல் 85 சதவீதம் வரை காற்றில் ஈரப்பதமும் தேவை. அதற்காகவே பட்டறைகளில் ஈரம் தெளித்த மர அலமாரி வைத்திருப்பார்கள். அதன் பெயர் 'ஃபுரோ'. ஜப்பானிய மொழியில் குளியலுக்கும் அதே உச்சரிப்புதான்!

கம்மலோ வளையலோ, முதலில் மரத்தில் வடிவம் கடைவார்கள். விரிசல் விடாமல் இருக்க உருஷியை ஊறவிடுவார்கள். தேவையான இடத்தில் துணி ஒட்டி, உருஷியோடு மண் தூள் குழைத்து அடிப்பூச்சு பூசுவார்கள். காய வைத்து, கல்லால் தேய்த்து, மறுபடி பூச்சு. திரும்பவும் காய்ச்சல், திரும்பவும் தேய்ப்பு. இஷிகாவா மாகாணத்தின் வஜிமா என்ற ஊரில் ஒரு பாத்திரம் முடிய நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. ஒவ்வொரு வகை வேலைக்கும் அதற்கென்று தனி ஆள். கடைபவர் பூச மாட்டார், பூசுபவர் தங்க வேலை செய்ய மாட்டார்.

கடைசியில் அலங்காரம். ஈரமான உருஷியால் படம் வரைந்து, அது காய்வதற்குள் தங்கத் தூளையோ வெள்ளித் தூளையோ தூவுவது 'மாக்கி-எ'. சிப்பியின் உள்பக்கத்து மினுமினுப்பைச் சீவிப் பதிப்பது 'ராடென்'. உடைந்த பீங்கானைத் தங்கக் கோட்டோடு ஒட்டுவார்களே, கின்ட்சுகி, அதில் பாரம்பரியமாகப் பசையாக இருப்பதும் உருஷிதான்.

இதை உடம்பில் போடுவது புது ஃபேஷனா?

இல்லை. கிண்ணத்துக்கு வருவதற்கு ரொம்ப முன்னாடியே இது உடம்புக்கு வந்துவிட்டது.

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில், ஹகோடாத்தே நகரத்துக்கு உட்பட்ட காக்கினோஷிமா பகுதியில் ஒரு புதைகுழி தோண்டப்பட்டது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தையது. அதில் கிடைத்தவை சிவப்பு உருஷி ஏற்றிய நூலால் ஆன அணிகள். புதைக்கப்பட்டவரின் உடம்பில் அணிவிக்கப்பட்டவை. உலகில் கிடைத்த உருஷிப் பொருட்களில் மிகப் பழையவற்றில் ஒன்று பாத்திரம் இல்லை, அணிகலன்! ஃபுக்குய் மாகாணத்தின் தோரிஹாமாவில் சிவப்பு உருஷி பூசிய சீப்பு ஒன்றும் கிடைத்திருக்கிறது. அதற்கும் சில ஆயிரம் ஆண்டுகள் வயது.

பிறகு எடோ காலம். அதாவது 1603 முதல் 1868 வரை. கிமோனோ உடையில் பாக்கெட் கிடையாது. மருந்து, முத்திரை மாதிரிச் சின்னச் சாமான்களை ஆண்கள் எங்கே வைப்பது? இடுப்புக் கச்சையில் தொங்கும் அடுக்குச் செப்பு ஒன்று வந்தது. பெயர் இன்ரோ. முதலில் தேவைக்கு, பிறகு அந்தஸ்துக்கு. உருஷியும் தங்கத் தூளும் போட்டு, யாருடையது அழகு என்று போட்டி. பெண்களுக்குக் கொண்டையில் செருகும் சீப்பும் ஊசியும்.

மேற்கத்திய உடை வந்ததும் இன்ரோவுக்கு வேலை போய்விட்டது. கொண்டை போனதும் சீப்பும் போனது. தினசரி மேசைக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் வந்த பிறகு பாத்திர விற்பனையும் சுருங்கியது. கையில் கலை இருக்கு, வாங்க ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் கம்மலும் பென்டன்ட்டும் மோதிரமும் வருகின்றன. சின்னப் பொருள், குறைந்த உருஷி போதும். கிண்ணத்தை வீட்டுக்கு வருபவர்தான் பார்ப்பார். கம்மலை ஊரே பார்க்கும். கைக்கடிகாரத்தின் முகப்பு, பேனாவின் உடல் என்று உருஷி ஏறாத இடமில்லை இப்போது.

மாட்டுகிறவர்களுக்கும் ஒரு வசதி உண்டு. மரத்தின் மேல் பூசுவதால் பெரிய கம்மல்கூடக் காதை இழுக்காது.

நம்ம ஆட்களும் அரக்கு போட்டிருந்தார்கள். எங்கே தெரியுமா?

தங்கத்துக்குள்ளே.

தென் மாவட்டத்துப் பாட்டிமார் காதில் ஆடிய பாம்படத்தை நினைத்துப் பாருங்கள். பார்க்க உருண்டையாக, கனமாக இருக்கும். முழுக்கத் தங்கம் இல்லை. மெல்லிய தங்கத் தகட்டால் கூடு செய்து, நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கை நிரப்புவது பழைய பொற்கொல்லர்களின் வழக்கம். தாலிக் குண்டு, பழைய காசு மாலை முகப்பு, கல் பதித்த நகை என்று பலவற்றிலும் உள்ளே அரக்கு இருக்கும்.

அந்த நகையை அடகு வைக்கப் போனால் என்ன நடக்கும்? தராசில் போடுவார்கள். "அரக்கு இருக்கு, கழிச்சுத்தான் தருவோம்" என்பார்கள். நகையின் வடிவத்தை இரண்டு தலைமுறையாகத் தாங்கிப் பிடித்த பொருள், காசு என்று வரும்போது கழிவு.

ஜப்பானில் கணக்கு வேறு. அங்கே மேற்பூச்சுதான் நகை. தங்கம் அதன் மேல் தூவும் தூள் மட்டுமே. எந்தப் பொருள் உசத்தி என்று கேட்டால் இயற்கை ஒரு பதிலும் சொல்லாது. எதற்கு விலை போடுவது என்று அந்தந்த ஊர் முடிவு செய்ததுதான் வித்தியாசம்.

மரப்பால் பூச்சும் தமிழர்களுக்குப் புதுசில்லை. செட்டிநாட்டு வீடுகளில் 'மரவை' என்று சொல்லும் கறுப்பு, சிவப்புச் செப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மாவில் கொண்டுவிற்ற காலத்தில் நகரத்தார் வாங்கி வந்தவை. பர்மாவில் 'திட்சி' என்ற மரத்தின் பால் பூசிச் செய்யப்படும் பொருட்கள் அவை. திட்சியும் உருஷி இருக்கும் அதே குடும்பத்து மரம். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கும். அம்பாசமுத்திரம் சொப்பைவிட, உருஷிக்கு நெருங்கிய சொந்தம் இந்த மரவைதான்.

அம்பாசமுத்திரம் கடைசல் எப்படி நடக்கிறது?

சங்கரன்கோவிலும் அம்பாசமுத்திரமும் முன்பு ஒரே திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவில் இந்தப் பக்கம் வந்தது, அம்பை அந்தப் பக்கம் நின்றது. சொப்புக்கு அந்தக் கோடு தெரியாது. திருவிழாவுக்குத் திருவிழா வந்துகொண்டேதான் இருக்கிறது.

வேலை இப்படி: மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுற்ற விடுவார்கள். உளியைப் பிடித்தால் குடமோ உலக்கையோ உருவம் வரும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசலில் எழும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறும். பிறகு ஓர் ஓலைத் துண்டை வைத்துத் தேய்த்தால் நிறம் சமமாகப் பரவிப் பளபளக்கும். தென்னிந்தியக் கடைசல் ஊர்கள் பலவற்றில் இதற்குத் தாழை ஓலைதான். தூரிகை இல்லை, காய வைக்கும் அறை இல்லை. இயந்திரம் நிற்கும்போது பொருள் தயார்.

முன்பு மஞ்சக்கடம்பு போன்ற மரங்களில் செய்ததாகச் சொல்வார்கள். இப்போது தைல மரம், ரப்பர் மரம் என்று கிடைப்பதை வைத்துச் செய்கிறார்கள். இந்தச் சொப்புக்குப் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பமும் போனது.

பிரச்சினை எங்கே? சொப்பு என்றால் 'பிள்ளைங்க விளையாட்டுச் சாமான்' என்ற ஒரே அடையாளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே நிற்பது பிளாஸ்டிக் பொம்மை. விலையில் பிளாஸ்டிக்கை ஜெயிக்க முடியாது. பேரம் பேசும் வாடிக்கையாளருக்கு முன்னால் கடைசல்காரரின் கைக்கு விலை போடவே முடியாது.

இதே தொழில்நுட்பம் உள்ள மற்ற ஊர்கள் என்ன செய்தன? கர்நாடகத்தின் சென்னபட்டணாவில் பொம்மைக்குப் பக்கத்திலேயே அரக்குக் கடைசல் வளையல், பாசி மாலை, கம்மல் எல்லாம் வந்துவிட்டன. ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவில் ரசாயன நிறத்தைக் குறைத்து, தாவரச் சாயங்களை அரக்கில் கலக்கும் முறையை வளர்த்தார்கள். அதற்காக உழைத்த சி.வி.ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டு ஊர் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. சார்மினார் பக்கத்து லாட் பஜாரில் விற்கும் ஹைதராபாத் அரக்கு வளையலுக்கு 2024-ல் அந்தக் குறியீடு கிடைத்தது. அது கடைசல் இல்லை. அரக்கை உருக்கி, உருட்டி, கல் பதிக்கும் வேலை.

ஆக, அரக்கை உடம்பில் அணிவது இந்தியாவில் ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரம்தான். அம்பைக் கடைசலுக்கு இதற்கான கைத்திறனும் இயந்திரமும் ஏற்கெனவே இருக்கிறது. சொப்புக் குடத்தின் கழுத்தைக் கடையத் தெரிந்த கைக்குக் கம்மல் குண்டு கடைவது பெரிய வேலையா என்ன? இல்லாதது, கேட்டு வாங்க வரும் ஆள்.

உருஷி போட்டால் அலர்ஜி வருமா?

இந்தக் கேள்வி சரியான கேள்வி.

ஈரமான உருஷிப் பால் தோலில் பட்டால் பலருக்குத் தடித்து, சிவந்து, கொப்புளம் போடும். புதிதாக வேலைக்குச் சேரும் கலைஞர்கள் முதலில் படும் பாடே அதுதான். காரணம் உருஷியால். நம்ம ஊரில் இதற்குச் சரியான உதாரணம் இருக்கிறது: சேராங்கொட்டை. முன்பு சலவைத் தொழிலாளர்கள் யார் துணி என்று அடையாளம் தெரிய அதன் பாலால்தான் குறி போடுவார்கள். அந்தக் குறி பட்ட இடத்தில் சிலருக்குத் தோல் வெந்துபோகும். மாங்காய்ப் பால் உதட்டில் பட்டுப் புண்ணாவதும், பச்சை முந்திரிக்கொட்டையை உடைத்தால் கை பொத்துப்போவதும் இதே குடும்ப குணம்.

ஆனா, முழுசாக இறுகிய உருஷி பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. உருஷியால் எல்லாம் கோத்துக்கொண்டு கெட்டியாகிவிடுவதால் தோலில் ஏறாது. சரியாகக் காயாத புதுப் பொருள் என்றால் மட்டும் கவனம் வேண்டும். மாங்காய்ப் பாலுக்கே உடம்பு தடிக்கும் ஆட்கள், புது உருஷிக் கம்மலை வாங்கியதும் மாட்டாமல் சில வாரம் காற்றாட வைத்துவிட்டுப் போடுவது நல்லது. அரிப்பு வந்தால் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அரக்குக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேற்பூச்சாக உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பொருள் அது.

ஏமாறாமல் வாங்குவது எப்படி?

'ஜப்பானிய லாக்கர்' என்று எழுதியிருந்தால் மட்டும் அது உருஷி ஆகிவிடாது. பிளாஸ்டிக் மேல் யூரித்தேன் பூசியதையும் அப்படியே விற்கலாம். ஜப்பானிலேயே உருஷிக்கு மாற்றாக இன்னொரு பூச்சு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'கஷ்யூ'. ஆமாம், முந்திரி. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயில் இருந்து தயாராகும் பூச்சு. பார்க்க உருஷி மாதிரியே இருக்கும், விலை குறைவு, சீக்கிரம் காயும். நல்ல பூச்சுதான். ஆனால் உருஷி விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

ஜப்பானில் சாப்பாட்டு, சமையலறைப் பாத்திரங்களுக்கு எந்தப் பூச்சு என்று லேபிளில் எழுத வேண்டும் என்று சட்டம் உண்டு. அந்த விதி பாத்திரத்துக்குத்தான், கம்மலுக்கு இல்லை. அதனால் கேட்டு வாங்குவது நம்ம பொறுப்பு.

• பூச்சு உருஷியா, கஷ்யூவா, யூரித்தேனா என்று நேரடியாகக் கேளுங்கள். உள்ளே மரமா, பிளாஸ்டிக்கா என்றும் கேளுங்கள்.

• பால் போன்ற தூய வெள்ளை நிறத்தில் 'உருஷி' என்றால் யோசியுங்கள். உருஷி இயல்பிலேயே பழுப்பு. அதில் வெள்ளை கலந்தால் பால்காபி நிறம்தான் வரும்.

• உருஷி நகையை வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள். புற ஊதாக் கதிர் பட்டால் பளபளப்பு மங்கும்.

• அரக்கு வளையலை அடுப்புப் பக்கமும், வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். சென்ட், சானிட்டைசர் போட்ட பிறகு கை காய்ந்ததும் மாட்டுங்கள்.

• இரண்டையும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். உரசல் பொடி, ஸ்கிரப்பர் வேண்டாம்.

இப்போது ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டும்?

2024 ஜனவரி 1. புத்தாண்டு நாளில் ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. உருஷிக்குப் பெயர்போன வஜிமா நகரத்தின் காலைச் சந்தைத் தெரு தீப்பிடித்து, 200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. பட்டறைகளும் கடைகளும் போயின. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை வெள்ளம் அந்த ஊரை மறுபடியும் தாக்கியது. மரம் கடைபவர், பூசுபவர், தங்கம் தூவுபவர் என்று சங்கிலியாக நடக்கும் தொழில் அது. ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் நிற்கும்.

அந்த நாடு அப்போது செய்த ஒரு காரியத்தைக் கவனிக்கலாம். 2024 ஏப்ரலில் அமெரிக்கா போன அன்றைய பிரதமர் கிஷிடா, அதிபர் பைடனுக்குக் கொண்டுபோன பரிசுகளில் வஜிமா உருஷி வேலைப்பாடுள்ள காபிக் கோப்பைகளும் பேனாவும் இருந்தன. அந்தக் கைகள் இன்னும் இயங்குகின்றன என்று உலகத்துக்குச் சொன்ன மாதிரி.

அம்பாசமுத்திரத்தில் நிலநடுக்கம் எதுவும் வரவில்லை. பட்டறைகள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகக் குறைந்தாலும் அது பிரேக்கிங் நியூஸ் ஆகாது. ஒரு தொழில் நிற்பதற்குத் தீ வேண்டியதில்லை. அடுத்த தலைமுறை உளியைத் தொடாமல் வேறு வேலைக்குப் போனாலே போதும்.

உருஷிக் கம்மல் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். அதன் விலையில் ஒரு மரத்தின் பத்து வருஷமும் பல பேரின் மாதக்கணக்கு உழைப்பும் இருக்கிறது. அடுத்த ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் வந்தால் சொப்புக் கடைப் பக்கமும் போங்க. பிள்ளைக்கு ஒரு குடம் வாங்கும்போது, "இதே அரக்குல வளையல், கம்மல் செஞ்சு தருவாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பட்டறையில் சொல்வார். பட்டறையில் இருக்கும் கைக்கு அதைச் செய்யத் தெரியும்.